பின்தங்கிவிட்ட தோழனுக்காக நட்சத்திரக் கப்பல் திரும்பும்போது

பென்னாகரத்தில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி அனுப்பிய கேள்வி இது: "ஐயா, பள்ளிகளுக்கு இடையிலான சிறுகதைப் போட்டிக்கு ஒரு விண்வெளிக் கதை எழுதுகிறேன். நட்சத்திரங்களுக்கு இடையே போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பல். வெளியே பழுதுபார்க்கப் போன ஒருவர் காணாமல் போகிறார். மற்றவர்கள் கப்பலைத் திருப்பி, முழு வேகத்தில் போய் அவரைக் காப்பாற்றுகிறார்கள். இது நடக்கக்கூடியதா? எவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்? எங்கள் பாடத்தில் இருக்கும் இயற்பியலை வைத்தே கணக்கிட முடியுமா?"

முடியும் அம்மா. பதினொன்றாம் வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாடுகளே போதும். ஆனால் கணக்கைப் போட்டு முடித்த பிறகு உன் கதையின் பரபரப்பு நீ நினைத்த இடத்தில் இருக்காது. இப்போது அதை எஞ்சினின் வேகத்தில் வைத்திருக்கிறாய். அது இருக்க வேண்டிய இடம் வேறு: அவர் இல்லை என்பதைக் கப்பலில் இருப்பவர்கள் எப்போது கவனித்தார்கள் என்பதில்.

முதலில் நீ தீர்மானிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அவர் கப்பலை விட்டு விலகிய நொடியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, அணைந்திருந்ததா? பெரும்பாலான கதைகளில் இதை யாரும் சொல்வதில்லை. கப்பல் "போய்க்கொண்டிருக்கிறது", அதனால் விழுந்தவர் பின்னால் போய்விடுகிறார் என்று எழுதிவிடுகிறார்கள். நியூட்டனின் முதல் விதி அதற்கு இடம் தராது. எஞ்சின் அணைந்திருந்தால், கப்பல் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போனாலும், வெளியே இருப்பவரும் அதே வேகத்தில் அதே திசையில்தான் போகிறார். ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருப்பாய். ஆற்றோடு மிதந்துபோகும் பரிசலிலிருந்து ஒருவர் தவறி விழுந்தால் இருவரையும் ஒரே நீரோட்டம்தான் இழுத்துப்போகிறது. கரையில் நிற்பவருக்கு இருவரும் விரைவாகப் போவதுபோலத் தெரியும். பரிசல்காரருக்கோ விழுந்தவர் துடுப்பை நீட்டினால் பிடித்துக்கொள்ளும் தூரத்தில்தான் இருப்பார். அணைந்த எஞ்சினோடு மிதக்கும் கப்பலும் அப்படித்தான். கயிறு அறுந்துபோனவர் மணிக்கணக்கில் சன்னலுக்கு வெளியே தெரிந்துகொண்டே இருப்பார். விலகிய வேகம் வினாடிக்கு அரை மீட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் 1,800 மீட்டர். அவ்வளவுதான். இங்கே கப்பலைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை.

அதனால் உன் கதைக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பூமியில் நாம் உணரும் ஈர்ப்பு அளவுக்கு, அதாவது வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் என்ற முடுக்கத்தில், கப்பல் வேகம் கூட்டிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர்கள் தரையில் நடப்பதுபோல நடப்பார்கள். வெளியே வேலை செய்பவர் கப்பலின் சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார். பிடி நழுவினால் அது மலையிலிருந்து விழுவதற்குச் சமம். கப்பலின் நீளம் 100 மீட்டர், அவர் மூக்குப் பகுதியில் இருந்தார் என்றால், நாலரை வினாடியில் வால் பகுதியைத் தாண்டுவார். அப்போது அவர் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. வாலுக்குப் பின்னால் எஞ்சினின் தீப்பிழம்பு இருக்கிறது. சுவரைக் காலால் உதைத்துப் பக்கவாட்டில் விலகினால் மட்டுமே அதற்குத் தப்புவார். அந்த நாலரை வினாடியை நீ ஒரு முழுப் பத்தியாகவே எழுதலாம்.

இனி கணக்கு. அவர் விழுந்து பத்து நிமிடம் கழித்து உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிகிறது. முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கு. 600 வினாடியில் இடைவெளி 1,764 கிலோமீட்டர். தர்மபுரிக்கும் டெல்லிக்கும் நேர்கோட்டில் இருக்கும் தூரம் கிட்டத்தட்ட அதுதான். அவரைவிடக் கப்பல் வினாடிக்கு 5.88 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறது. உடனே கப்பலைத் தலைகீழாகத் திருப்பி அதே எஞ்சினை இயக்குகிறார்கள். ஆனால் கப்பல் உடனே திரும்பி வராது. பத்து நிமிடம் சேர்த்த வேகத்தைக் கரைக்க இன்னொரு பத்து நிமிடம் வேண்டும். அதற்குள் இடைவெளி இரண்டு மடங்காகி 3,528 கிலோமீட்டர் ஆகிவிடும். அங்கிருந்து அவரை நோக்கிப் பாதி தூரம் வேகம் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மீதிப் பாதியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு பாதிக்கும் பத்து நிமிடம் ஆகிறது.

மொத்தம் என்ன? கவனிக்காமல் போனது 10 நிமிடம். நிறுத்த 10, திரும்ப 20. அவர் விழுந்ததிலிருந்து 40 நிமிடம்.

எண்களை மாற்றிப் பார். கவனிக்க ஒரு மணி நேரம் ஆனால் மீட்க மூன்று மணி நேரம், மொத்தம் நான்கு. எவ்வளவு நேரம் தவறவிட்டார்களோ அதைப் போல நான்கு மடங்கு. இந்தக் கணக்கில் என்னை மிகவும் ஈர்ப்பது, முடுக்கத்தின் அளவு விடையில் இல்லவே இல்லை என்பதுதான். எஞ்சின் பத்து மடங்கு வலிமையானதாக இருந்தால், தொலைந்தவரை விட்டுப் பத்து மடங்கு தூரம் போயிருக்கும். திரும்பி வரவும் அதே பத்து மடங்கு வலிமை உதவும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். "நம் கப்பல் மிக வேகமானது, அதனால் அவரைக் காப்பாற்றிவிடலாம்" என்று உன் கதையில் தளபதி சொன்னால், பொறியாளர் மறுக்க வேண்டும்.

அவர் உடையில் எவ்வளவு நேரத்துக்குக் காற்று இருக்கிறது? சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெரிக்க வீரர்கள் அணியும் உடையில் சுமார் எட்டு மணி நேரத்துக்கான ஏற்பாடு உண்டு. அது தீர்ந்தால் இன்னும் அரை மணி நேரத்துக்கு அவசர ஆக்சிஜன் தனியாக இருக்கிறது. 2001 மார்ச்சில் சூசன் ஹெல்ம்ஸ், ஜிம் வாஸ் இருவரும் 8 மணி 56 நிமிடம் வெளியே இருந்தார்கள். எனவே எட்டு மணி என்று வைத்துக்கொள்வது நியாயமானது. அதை நான்கால் வகு. இரண்டு மணி. விழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் கவனித்தால் பிழைப்பார், அதற்கு மேல் ஆனால் இல்லை. விழுவதற்கு முன்பே அவர் ஓரிரு மணி நேரம் வெளியே வேலை செய்திருப்பார் என்பதையும் கழித்துக்கொள். காற்று தீர்வது என்றால் ஆக்சிஜன் மட்டும் அல்ல. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை உறிஞ்சும் பொருள் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் மீதமிருந்தாலும் தலைவலி, மயக்கம், பிறகு மரணம். பதறி உழைக்கும் உடல் அதிகம் மூச்சுவிடும், அமைதியாகக் கிடக்கும் உடல் குறைவாகவே விடும். அவர் தன் உயிரைக் காக்கச் செய்யக்கூடிய பெரிய காரியம் அசையாமல் கிடப்பதுதான். எழுதுகிறவளுக்கு இது நல்ல சவால்.

"முதுகில் ஒரு ஜெட் பை இருந்தால் தானே திரும்பி வரலாமே?" என்று வாசகர் கேட்பார். 1984 பிப்ரவரி 7 அன்று புரூஸ் மெக்காண்ட்லெஸ் கயிறே இல்லாமல் விண்கலத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் தள்ளிப் போய்த் திரும்பினார். இப்போது நிலையத்துக்கு வெளியே போகும் அமெரிக்க உடையில் சேஃபர் என்ற சிறிய கருவி இருக்கும். 24 சிறு துவாரங்கள் வழியாக நைட்ரஜனைப் பீய்ச்சும், உடல் சுழன்றால் தானே நிறுத்தும். 1994 செப்டம்பரில் முதன்முதலாகச் சோதித்தார்கள். அது தரக்கூடிய மொத்த வேகம் வினாடிக்குச் சுமார் 3 மீட்டர். பூமியைச் சுற்றும் நிலையத்திலிருந்து கை நழுவியவருக்கு அது போதும். உன் கப்பலோ ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அந்த 3 மீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். ஆனால் தீப்பிழம்பிலிருந்து பக்கவாட்டில் விலகவும், சுழற்சியை நிறுத்தவும் அதே கருவி உதவும். அதை வைத்துக்கொள்.

அடுத்தது தேடல். கவனித்துவிட்டார்கள், சரி. அவர் எப்போது விழுந்தார் என்று தெரியுமா? இரண்டு மணி நேரம் கழித்துக் கவனித்தால் அப்போது இருவருக்கும் இடையிலான வேகம் வினாடிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். விழுந்த நேரத்தை ஒரு நிமிடம் தவறாகக் கணித்தால், அவர் இருக்கும் இடம் 4,200 கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும். ஆகவே யாரோ ஒருவர் பதிவேடுகளைப் புரட்டிக் கடைசியாக அவர் பேசிய நொடியை, உடையிலிருந்து இதயத் துடிப்பின் எண் கடைசியாக வந்த நொடியைக் கண்டுபிடிக்க வேண்டும். கதையின் நாயகி எஞ்சின் அறையில் இருக்கத் தேவையில்லை. இந்தப் பதிவேட்டின் முன் உட்கார்ந்திருப்பவளாக அவள் இருக்கட்டும்.

இரண்டு மணி நேரத் தாமதத்தில் கப்பல் நின்று திரும்பும் இடம் அவரிடமிருந்து ஏறத்தாழ 5,08,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நிலவு நம்மிடமிருந்து இருக்கும் தூரத்தைவிட அதிகம். "கேட்கிறதா?" என்று அவர் ரேடியோவில் கூப்பிட்டால், அந்தக் குரல் கப்பலுக்கு வந்து சேரவே 1.7 வினாடி ஆகும். உடையில் இருக்கும் சின்ன ரேடியோவின் ஒலி அங்கே கேட்குமா என்றால், பெரிய கிண்ண ஆன்டெனா இருந்தால், அதைச் சரியான திசையில் திருப்பினால் கேட்கும். வாயேஜர் 1 விண்கலத்தின் ஒலிபரப்பி சுமார் 23 வாட் சக்தி கொண்டது. ஒரு சாதாரண மின்விளக்கின் சக்திதான். அதை நட்சத்திரங்களுக்கு இடையிலான வெளியிலிருந்து இன்றும் பூமியில் கேட்கிறார்கள். நம் ஓசூருக்கு அடுத்த பெங்களூரின் புறத்தில், பியாலாலு என்ற ஊரில், இஸ்ரோவின் 32 மீட்டர் கிண்ணம் இருக்கிறது. சந்திரயான்களோடு பேசியது அதுதான். அப்படி ஒன்று உன் கப்பலின் வால் பக்கம் பார்த்தபடி இருக்கட்டும்.

இன்னொரு உபாயமும் உண்டு. அவர் உடையில் ஓர் அபாயக் கருவி ஒரே அதிர்வெண்ணில் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தால், அந்த அதிர்வெண் எவ்வளவு மாறிக் கேட்கிறது என்பதிலிருந்து அவர் எந்த வேகத்தில் விலகுகிறார் என்று சொல்லிவிடலாம். பாடத்தில் படித்த டாப்ளர் விளைவுதான். பூமியில் இது கதை அல்ல. விபத்துக்குள்ளான கப்பல்களையும் விமானங்களையும் செயற்கைக்கோள் வழியாகக் கண்டுபிடிக்கும் காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாட்டின் முதல் செயற்கைக்கோள் 1982-இல் ஏவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவில் விழுந்து கிடந்த ஒரு சிறு விமானத்தில் இருந்தவர்களை அதைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். இந்தியாவுக்கான அதன் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில்தான் இயங்குகிறது.

இப்போது பலர் யோசிக்காத ஓர் ஆபத்து. கப்பல் திரும்பி வரும் கடைசிப் பாதியில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றேன் அல்லவா? குறைப்பது என்றால் எஞ்சினின் வாய் அவரைப் பார்த்து இருக்கும். காப்பாற்ற வருகிற கப்பலே அவரை எரித்துவிடும். எனவே நேராக அவரை நோக்கி வரக்கூடாது. பல கிலோமீட்டர் பக்கத்தில் ஒரு புள்ளியைக் குறிவைத்து வந்து, அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு, நைட்ரஜன் பீய்ச்சும் சிறு படகில் யாராவது ஒருவர் போய் எடுத்துவர வேண்டும். நிஜ விண்கலங்களிலும் இந்தக் கவலை உண்டு. அமெரிக்க ஷட்டில் விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது, தன் உந்திகளின் வீச்சு நிலையத்தின் மேல் நேராகப் படாதபடி சாய்வாக இயக்குவார்கள்.

அந்தக் கடைசிப் பயணம் மெதுவாகத்தான் நடக்க வேண்டும். 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் இஸ்ரோ அனுப்பிய ஸ்பேடெக்ஸ் திட்டத்தை நினைவுபடுத்திக்கொள். தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள். ஒன்றையொன்று தேடி இணைய வேண்டும். ஜனவரி 7 என்று குறித்த நாள் தள்ளிப்போனது. பிறகு 15 மீட்டர் வரை, 3 மீட்டர் வரை கொண்டுபோய்ச் சோதித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். 2025 ஜனவரி 16 அன்றுதான் இணைந்தன. மூன்று மீட்டருக்கு வந்த பிறகும் பின்வாங்கத் துணிந்த அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். உன் கதையில் படகை ஓட்டுகிறவருக்கும் அது வேண்டும். மணிக்கணக்கில் விரைந்து வந்த பிறகு கடைசி நூறு மீட்டரை மெல்லக் கடப்பது யாருக்கும் எளிதாக இருக்காது.

ஒருவேளை கதையைப் பூமியைச் சுற்றும் ஒரு கப்பலுக்கு மாற்ற நினைத்தால், கணக்கு முற்றிலும் வேறு. அங்கே நேராகத் துரத்தினால் தோழன் விலகிப்போவார். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட், தன் ராக்கெட்டிலிருந்து பிரிந்து மிதந்த மேலடுக்கை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கி உந்தினார், தூரம் கூடியது. மறுபடி உந்தினார், இன்னும் கூடியது. எரிபொருள் வீணானதால் கைவிட்டார்கள். காரணம் இதுதான்: சுற்றுப்பாதையில் முன்நோக்கி உந்தினால் கலம் மேலே எழும், மேலே இருக்கும் பாதையில் சுற்று நேரம் அதிகம், அதனால் பின்தங்கும். முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். அந்தக் காலத்தில் இதை ஆழமாகப் படித்திருந்தவர்களில் ஒருவர் பஸ் ஆல்ட்ரின். பின்னாளில் நிலவில் கால்வைத்த அதே மனிதர். 1963-இல் அவர் முடித்த ஆராய்ச்சிப் பட்டமே விண்கலங்கள் சுற்றுப்பாதையில் சந்திப்பதைப் பற்றியதுதான்.

இதில் ஓர் அழகும் இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் நிலையத்திலிருந்து ஒருவர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நேர் மேலேயோ நேர் கீழேயோ தள்ளப்பட்டால், சில கிலோமீட்டர் தூரம் வரை விலகி ஒரு நீள்வட்டமாகச் சுற்றி, ஒரு சுற்று முடியும்போது, சுமார் 92 நிமிடத்தில், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவார். பக்கவாட்டில் தள்ளப்பட்டால் 46 நிமிடத்திலேயே வருவார். யாரும் எதுவும் செய்ய வேண்டாம், காத்திருந்து கையை நீட்டினால் போதும். அதே 1 மீட்டர் வேகம் நிலையம் போகும் திசையிலோ அதற்கு எதிர்த்திசையிலோ இருந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் 16 கிலோமீட்டருக்கு மேல் விலகிக்கொண்டே போவார். எந்தத் திசையில் கை நழுவியது என்பதில் உயிர் இருக்கிறது. காற்றின் உராய்வு போன்ற சிறு விஷயங்களால் நிஜத்தில் சற்றே பிசகும். ஆனாலும் ஒரு தோழரை மீட்க அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பாத்திரம் வாதிடுவதும், மற்றவர்கள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டுவதும் நல்ல கதைக்கு விதை.

இதுவரை எந்த விண்வெளி வீரரும் இப்படிக் கயிறு அறுந்து மிதந்து போனதில்லை. வெளியே போனவரை மீட்க வேண்டிவந்த மிக மோசமான நாட்களில் ஒன்று 2013 ஜூலை 16. இத்தாலியரான லூகா பர்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் குளிரூட்டும் தண்ணீர் கசிந்து வந்தது. ஈர்ப்பு இல்லாததால் தண்ணீர் கீழே வழியாமல் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு கண்களை மூடியது, மூக்குக்குள் ஏறியது, காதுக் கருவியையும் நனைத்தது. அந்த நேரத்தில் சூரியனும் மறைந்தது. பார்க்க முடியாமல், தன்னைக் கட்டியிருந்த கயிறு இழுக்கும் திசையைக் கையால் உணர்ந்தே வாயிலுக்கு வந்து சேர்ந்தார். அறையில் காற்று நிரப்பும்வரை கவசத்தைக் கழற்ற முடியாது, பேசினாலும் கேட்காது. கூட இருந்த கிறிஸ் காசிடி அவர் கையைப் பிடித்து அழுத்தினார், அவர் திரும்ப அழுத்தினார். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அந்த ஓர் அழுத்தம்தான் இருந்தது. சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கசிந்திருந்தது என்று பிறகு கணித்தார்கள். உன் கதையில் உணர்ச்சிக்கு இடம் தேடினால் இதுபோன்ற ஒரு கை அழுத்தத்தில் தேடு. நீண்ட வசனங்கள் வேண்டாம்.

கவனிப்பதுதான் எல்லாம் என்று நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் கொலம்பியா விண்கலம்தான் காரணம். கல்பனா சாவ்லா போன கடைசிப் பயணம். 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய 82-ஆவது வினாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. மறுநாளே படப்பதிவில் அதைப் பார்த்தார்கள். சேதம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள விண்வெளியிலேயே கலத்தைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் சிலர் கேட்டார்கள். அது நடக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது ஏழு பேரும் இறந்தார்கள். பிறகு விசாரணைக் குழு, மீட்டிருக்க முடியுமா என்று ஆராய்ந்தது. அட்லாண்டிஸ் என்ற அடுத்த விண்கலம் மார்ச்சில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. பயணத்தின் ஏழாவது நாளுக்குள் சேதத்தைப் புரிந்துகொண்டிருந்தால், இரவு பகலாக வேலை செய்து பிப்ரவரி 10 வாக்கில் அதை ஏவியிருக்கலாம். கொலம்பியாவில் கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பாக்கள், மூச்சையும் வேலையையும் குறைத்துக்கொண்டால், முப்பதாவது நாள் வரை, அதாவது பிப்ரவரி 15 வரை தாக்குப்பிடித்திருக்கும். இடையில் ஐந்து நாள். நால்வர் அட்லாண்டிஸில் போய், ஏழு பேரையும் ஒவ்வொருவராக விண்வெளி நடையில் மாற்றிக் கொண்டுவந்திருக்க ஒரு வழி இருந்தது. அது கடினமான, ஆபத்தான வழிதான். ஆனால் அதைத் தேடும் வாய்ப்பே அந்த ஏழு பேருக்குத் தரப்படவில்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அதற்குப் பிறகு மாறினார்கள். 2009 மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க அட்லாண்டிஸ் போனபோது, எண்டெவர் இன்னொரு ஏவுதளத்தில் மீட்புக்கென்றே தயாராக நின்றது. 2022 டிசம்பரில் நிலையத்தில் நின்றிருந்த ரஷ்யாவின் சோயுஸ் எம்.எஸ்.-22 கலத்தில் குளிர்விப்புத் திரவம் கசிந்ததும், மூன்று பேரைத் திரும்பக் கொண்டுவர 2023 பிப்ரவரியில் ஆளில்லாமல் ஒரு சோயுஸை அனுப்பினார்கள். சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் தங்கள் கலத்தில் திரும்ப முடியாதபோது, 2024 செப்டம்பரில் இரண்டு இருக்கைகளைக் காலியாக விட்டு ஒரு டிராகன் விண்கலம் போனது. 2025 மார்ச்சில் அவர்கள் அதில்தான் திரும்பினார்கள். எல்லாமே முன்கூட்டியே யோசித்ததால் நடந்தவை. இதற்குச் சட்டமும் உண்டு. 1968-இன் விண்வெளி வீரர் மீட்பு ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய 1967 ஒப்பந்தமோ, விண்வெளியில் ஒரு நாட்டு வீரர் மற்ற நாட்டு வீரருக்கு இயன்ற எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்கிறது. உன் கப்பலில் பல நாட்டுக்காரர்கள் இருந்தால் இது விவாதத்துக்கு வரும்.

எரிபொருளைப் பற்றி யாராவது தடை சொல்வார்கள். "ஒருவருக்காக எல்லோருடைய பயணத்தையும் பணயம் வைப்பதா?" என்று கேட்பார்கள். அதையும் கணக்கிட்டுப் பார். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்ட, பூமி ஈர்ப்பளவு முடுக்கத்தில் எஞ்சின் 35 நாள் ஓட வேண்டும். இரண்டு மணி நேரத் தாமதத்தில் மீட்புக்காக வீணாவது மொத்தம் எட்டு மணி நேர எரிபொருள்: பயனில்லாமல் போன முதல் இரண்டு மணி, திரும்பிய ஆறு மணி. 35 நாளில் அது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. ஒழுங்காகக் கட்டிய எந்தக் கப்பலிலும் அதைவிட அதிகம் மிச்சம் வைத்திருப்பார்கள். ஆகவே எரிபொருளைக் காரணம் காட்டித் தோழனைக் கைவிடும் தளபதியை நீ படைத்தால், அவர் பொய் சொல்கிறார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அதை வேண்டுமென்றே செய்தால் அருமையான திருப்பம்தான்.

கடைசியாக, முழு வேகம் என்று நீ எழுதியிருந்ததற்கு வருகிறேன். எஞ்சினின் வலிமை உதவாது என்றேன். அது போகும்போதும் வரும்போதும் ஒரே முடுக்கமாக இருந்தால்தான். போகும்போது வசதிக்காக ஒரு மடங்கில் ஓடிய கப்பல், மீட்க வரும்போது இரண்டு மடங்கில் ஓடக்கூடியது என்று வைத்துக்கொள். அப்போது கவனிக்கத் தவறிய நேரத்தைப் போல மூன்று மடங்கில் மீட்க வேண்டியது ஏறத்தாழ 1.72 மடங்காகக் குறையும். மொத்தம் நான்குக்குப் பதில் 2.72. எட்டு மணி நேரக் காற்றை அதால் வகுத்தால் 2 மணி 56 நிமிடம் வரும்.

எனவே இரண்டு மணி நேரத்துக்குள் கவனித்தால் வழக்கமான முடுக்கத்திலேயே காப்பாற்றலாம், கதையில் பதற்றம் இருக்காது. மூன்று மணி ஆகிவிட்டால் அவசர ஆக்சிஜனை நம்பினால்தான் உண்டு. உன் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டரை மணியில் கவனிக்கிறார்கள் என்று வைத்துக்கொள். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குத் தன் உடல் 100 கிலோவாகக் கனக்கும் நிலையில், எல்லோரும் படுக்கையில் கட்டுண்டு கிடந்தபடி 4 மணி 19 நிமிடம் திரும்பி வர வேண்டும். முதியவர் ஒருவர் கப்பலில் இருந்தால் அவர் இதயம் தாங்குமா என்று மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த முதியவரையும் கேட்க வேண்டும். எல்லாம் முடிந்து பக்கத்தில் வந்து நிற்கும்போது, தொலைந்தவருக்கு 1 மணி 11 நிமிடக் காற்று மிச்சமிருக்கும். படகை இறக்கி, மெதுவாகப் போய், கையைப் பிடிக்க அவ்வளவு நேரம்தான். இந்தக் கணக்கை உன் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு எழுது.